சும்மா பள்ளி: தென்கிழக்கு லண்டன் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோரே,

வணக்கம். சனிக்கிழமைகளில் உங்கள் பிள்ளைகளுக்கு உயிர்மெய் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவர்களில் ஒருவன் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. எழுத்தை வைத்தே சிலர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், பரவாயில்லை.

போன மாதம் வகுப்பு முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு தாய் மகளைக் கூட்டிப்போக வந்தார். பிள்ளைக்குப் பத்து வயது, ஆண்டு ஐந்து. காரின் பின்இருக்கையில் தடித்த பயிற்சிப் புத்தகம் ஒன்று திறந்தபடி கிடந்தது. முக்கோணத்துக்குள் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு கறுப்புப் புள்ளி, அடுத்து வருவது எது என்று கீழே ஐந்து பெட்டிகள். தமிழ் முடிந்தால் கணித ரியூசன், அது முடிந்தால் ஆங்கில ரியூசன். இரண்டுக்கும் நடுவே காருக்குள்ளேயே இடியப்பம். எந்தப் பள்ளிக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். பக்கத்துப் பெக்ஸ்லியில், பரீட்சை வைத்துப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும் நான்கு கிராமர் பள்ளிகளையும் ஒரே மூச்சில் சொன்னார். வீடு எங்கே என்றேன். கிட்புரூக். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளி இருக்கிறதே என்றேன்.

"ஐயோ மாஸ்டர், அது சும்மா பள்ளி."

பிள்ளை பெல்ட்டைப் போட்டபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மடல்.

இன்று ஹாலி அகாடமி என்று பலகை தொங்கும் அந்தப் பள்ளி, கிட்புரூக் பள்ளி என்ற பெயரோடு 1954 செப்டம்பரில் திறக்கப்பட்டது. நீங்கள் இன்று எந்தப் பரீட்சைக்காகச் சனி ஞாயிறு பார்க்காமல் ஓடுகிறீர்களோ, அந்தப் பரீட்சை வேண்டாம் என்று சொல்வதற்காகவே செங்கல் செங்கலாகக் கட்டப்பட்ட பள்ளி அது. அதன் வாசலைக் கடந்துதான் உங்கள் கார் பெக்ஸ்லிக்குப் போகிறது.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1944இல் கல்விப் பொறுப்பில் இருந்த அமைச்சர் பட்லர் கொண்டுவந்த கல்விச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இடைநிலைக் கல்வியை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக்கியது; அரசுப் பள்ளிகளில் அதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்றது. மூன்று வகைப் பள்ளி வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் கல்வி அமைச்சு அந்தப் பக்கமே தள்ளியது: படிப்பாளிகளுக்குக் கிராமர், கைத்தொழில் நாட்டமுள்ளவர்களுக்குத் தொழில்நுட்பப் பள்ளி, மிச்சப் பேருக்கு மொடேர்ன் என்ற பள்ளி. தொழில்நுட்பப் பள்ளிகள் பெரும்பாலான ஊர்களில் வரவே இல்லை. ஆகவே உள்ளபடி இரண்டே கதவுகள். பதினொரு வயதில் ஒரு காலைப்பொழுதில் எழுதும் லெவன் பிளஸ் பரீட்சை, எந்தக் கதவு என்று தீர்மானித்தது. ஊருக்கு ஊர் கணக்கு மாறினாலும், நாலைந்து பிள்ளைகளில் ஒருவருக்குத்தான் கிராமர் கதவு திறந்தது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பெண்பிள்ளைகள் அந்த வயதில் கூடுதலாகப் புள்ளி எடுத்ததால், இடங்களைச் சமப்படுத்துவதற்காகப் பல ஊர்களில் அவர்கள் தேறவேண்டிய புள்ளியை உயர்த்தி வைத்தார்கள். நன்றாக எழுதியதற்குத் தண்டனை.

இது நமக்குப் புதிய கதையா? அதே நாற்பதுகளில் இலங்கையில் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார், மத்திய கல்லூரிகளைத் திறந்தார், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையும் கூடவே வந்தது. நானும் எழுதினேன், தம்பியும் எழுதினான். நான் தேறினேன். தம்பிக்குச் சில புள்ளிகள் குறைந்தன. அப்பா அவனை ஒரு வார்த்தை ஏசவில்லை. கோயிலில் யாராவது கேட்டால் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார், அவ்வளவுதான். தம்பிக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. பரீட்சை என்ற சொல் வந்தால் அவனும் மழையைப் பற்றிப் பேசுகிறான்.

லண்டன் கவுண்டி கவுன்சிலுக்கு இந்த இரண்டு கதவு ஏற்பாடு பிடிக்கவில்லை. குண்டு விழுந்து பள்ளிகள் பல இடிந்து கிடந்த காலம். எப்படியும் புதிதாகக் கட்டத்தான் வேண்டும். கட்டுவதை எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாசலால் போகும் பள்ளியாகக் கட்டினால் என்ன என்று 1947இல் திட்டம் போட்டார்கள். அப்படி லண்டனில் அதற்கென்றே எழுப்பப்பட்ட முதல் கொம்பிரிஹென்சிவ் பள்ளிதான் கிட்புரூக். ஏறக்குறைய இரண்டாயிரம் பெண்பிள்ளைகளுக்கான இடம். அந்த எண்ணைக் கேட்டு அந்தக் காலத்துப் பத்திரிகைகள் மிரண்டன. தொழிற்சாலையா பள்ளியா என்ற தொனியில் பேச்சு அடிபட்டது. ஆனால் கணக்கு எளிமையானது. எல்லா வகைப் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு, பதினெட்டு வயதுவரை படிக்கிற ஒரு நல்ல மேல்வகுப்பும் நடத்தவேண்டும் என்றால், கீழே அவ்வளவு பேர் இருந்தால்தான் மேலே போதிய பேர் மிஞ்சுவார்கள். பதினைந்து வயதில் சட்டப்படி பள்ளியை விட்டு வேலைக்குப் போகக்கூடிய காலம் அது. தொழிலாளர் வீட்டுப் பெண்ணைப் பதினெட்டுவரை வகுப்பில் இருத்தி வைப்பது லேசான காரியமா?

கட்டடத்தையும் சொல்லவேண்டும். மலிவாகக் கட்டிக் கைகழுவவில்லை. கூட்ட மண்டபத்துக்குச் செம்புத் தகடு வேய்ந்த கும்மட்டக் கூரை போட்டார்கள். போர் முடிந்து ஒன்பதே வருடம். சீனிக்கு ரேஷன் நீங்கி ஒரு வருடம். இறைச்சிக்கு ரேஷன் நீங்கி இரண்டு மாதம். அந்த நேரத்தில், கிராமருக்குப் போகாத பெண்பிள்ளைகளின் தலைக்கு மேலே செம்புக்கூரை. எனக்கு இந்த விவரம் ஏனோ மனத்தை விட்டு அகல்வதில்லை.

ஆனால் திறப்பதற்கு முன்பே ஒரு சண்டை. அருகில் இருந்த எல்தம் ஹில் பெண்கள் கிராமர் பள்ளியை மூடி, அந்தப் பிள்ளைகளையும் கிட்புரூக்கில் சேர்ப்பது என்பது கவுன்சிலின் திட்டம். எல்லோருக்குமான பள்ளி என்றால் நன்றாகப் படிக்கிறவர்களும் உள்ளே இருக்கவேண்டும் அல்லவா? எல்தம் ஹில் பெற்றோர் எதிர்த்து எழுந்தார்கள். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் புளோரன்ஸ் ஹோர்ஸ்பிரா. கன்சர்வேட்டிவ் கட்சியின் அமைச்சரவையில் அமர்ந்த முதல் பெண். 1954இல் அவர் எல்தம் ஹில்லை மூட அனுமதி தர மறுத்துவிட்டார். பரீட்சையில் தேறிய பிள்ளைகள் பழைய பள்ளியிலேயே இருந்துவிட, எல்லோருக்குமான பள்ளி என்ற பெயரோடு கிட்புரூக் மீதிப் பேருடன் தொடங்கியது. பாலில் ஆடையை எடுத்துவிட்டு, தயிர் ஏன் தண்ணீராக இருக்கிறது என்று கேட்பதுபோலத்தான் அதற்குப் பிறகு எழுபது வருடமாக நடந்த விவாதம். இன்றைக்குப் பெக்ஸ்லிக்கு ஓடும் நாமும் ஆடை எடுக்கிறவர்கள்தாம், ஒத்துக்கொள்வோம்.

அந்தப் பெற்றோர் காப்பாற்றிய எல்தம் ஹில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிற்காலத்தில் அதுவும் கொம்பிரிஹென்சிவ் ஆகிவிட்டது. இன்றும் பெண்கள் பள்ளியாக இருக்கிறது, பெயரையும் வைத்திருக்கிறது. உங்களில் சிலருடைய மகள்மார் அங்கேதான் படிக்கிறார்கள்.

கிட்புரூக்கின் முதல் அதிபர் மேரி கிரீன். கால் போன, கை போன பள்ளியைக் கையில் கொடுத்ததுபோல் கொடுத்தார்கள். அவர் 1970கள் வரை அதை நடத்தினார். 1968இல் அரசு அவருக்கு டேம் பட்டம், ஆண்களுக்குச் சேர் பட்டம் போல, கொடுத்தது. தொழிற்சங்கங்களை ஆராய அமைத்த டொனவன் ஆணைக்குழுவில், நீதிபதிகளுக்கும் முதலாளிமாருக்கும் சங்கத் தலைவர்களுக்கும் நடுவே அவரும் ஒரு நாற்காலியில் இருந்தார். சும்மா பள்ளி ஒன்றின் அதிபரை யார் அங்கே கூப்பிடப்போகிறார்கள்?

எல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. ஆரம்பகாலக் கொம்பிரிஹென்சிவ் பள்ளிகள் பெரும்பாலும் உள்ளுக்குள் தரம் பிரித்தே வகுப்பு நடத்தின. வாசல் ஒன்று, உள்ளே படிகள் பல. இரண்டாயிரம் பேர் நடுவே தொலைந்துபோன பிள்ளைகள் இருந்திருப்பார்கள். 1965இல் தொழிற்கட்சியின் கல்வி அமைச்சர் கிரோஸ்லண்ட் 10/65 என்ற சுற்றறிக்கையை அனுப்பினார். எல்லா ஊர்களும் இந்த வழிக்கு வரும்படி அதில் கட்டளை போடவில்லை, கேட்டுக்கொண்டார். அந்த ஒரு வினைச்சொல்லின் மென்மையால்தான் இன்றும் இங்கிலாந்தில் 163 கிராமர் பள்ளிகள் மிச்சம் இருக்கின்றன. கென்ட்டும் பெக்ஸ்லியும் வைத்துக்கொண்டன, கிட்புரூக் இருக்கும் கிரீனிச்சில் அவை போய்விட்டன. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் இன்னொன்று.

அந்தக் கோட்டை நீங்கள் எப்படித் தாண்டிப் போகிறீர்கள் தெரியுமா? இந்தக் கதையை வழக்கறிஞர் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி சொல்லித்தான் நானே அறிந்தேன். உள் லண்டன் முழுவதற்கும் கல்வியைப் பார்த்துக்கொண்டிருந்த அமைப்பு 1990இல் கலைக்கப்படவிருந்தது. பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தயாரான கிரீனிச் கவுன்சில், முதலில் எங்கள் எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைகளுக்கே இடம் என்று விதி வகுத்தது. பக்கத்து லூயிஷம் எல்லைக்குள் பிளக்ஹீத்தில் இருக்கும் ஜோன் போல் ஆரம்பப் பள்ளி, எங்கள் பிள்ளைகள் காலங்காலமாகக் கிரீனிச் பள்ளிகளுக்குத்தானே போகிறார்கள் என்று வழக்குப் போட்டது. 1989இல் நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது: எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளையைப் பின்னால் தள்ளக்கூடாது. அதற்கு இன்றும் கிரீனிச் தீர்ப்பு என்றே பெயர். கிட்புரூக்கிலும் வூல்விச்சிலும் இருந்துகொண்டு நம் பிள்ளைகள் பெக்ஸ்லிப் பரீட்சை எழுத முடிவது அந்தத் தீர்ப்பின் புண்ணியத்தால்தான். சும்மா பள்ளிகளுக்குப் போவதற்காக எல்லை தாண்டிய பிள்ளைகளுக்காகப் போட்ட வழக்கு, நமக்குக் கிராமர் வழி திறந்திருக்கிறது. ஜோன் போலில் படித்து அப்படிக் கிட்புரூக்குக்குப் போனவர்களில் ஒருவர் நடிகர் ஜூட் லோ. கிட்புரூக் அதற்குள் ஆண்பிள்ளைகளையும் சேர்க்கத் தொடங்கியிருந்தது.

இனி உங்களுக்கும் நினைவிருக்கக்கூடிய பகுதி. 2005ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒளிபரப்பான தொடரில் சமையல்காரர் ஜேமி ஒலிவர் தொலைக்காட்சிக் கமராவோடு ஒரு பள்ளிச் சமையலறைக்குள் நுழைந்தாரே, அது இந்தப் பள்ளி. 1980இல் வந்த சட்டம் பள்ளி உணவுக்கு இருந்த சத்து விதிகளை எடுத்துவிட்டிருந்தது. கால்நூற்றாண்டில் நாடு முழுவதும் பள்ளிச் சாப்பாடு உருளைக்கிழங்குச் சிப்ஸும் அரைத்த வான்கோழி இறைச்சியைச் சுருட்டிப் பொரித்த ஏதோ ஒன்றுமாக வந்து நின்றது. ஒரு பிள்ளையின் மதியச் சாப்பாட்டுப் பொருளுக்கு ஒதுக்கிய காசு 37 பென்ஸ். அங்கே சமையலறைத் தலைவியாக இருந்த நோரா சான்ட்ஸ் என்ற ஐரிஷ் பெண்மணி, பெயர் பெற்ற சமையல்காரரை முதல் நாளே கண்ணுக்குக் கண் பார்த்துப் பதில் சொன்னதை நாடே பார்த்தது. புதுச் சாப்பாட்டைப் பிள்ளைகள் தொடவில்லை, தட்டுகள் குப்பைத் தொட்டிக்குப் போயின, சமையலறை ஆட்கள் கூலியில்லாத மேலதிக நேரம் நின்றார்கள். மெல்ல மெல்லத் திரும்பியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு மனு பிரதமரின் டவுனிங் வீதிக்குப் போனது. அரசு 280 மில்லியன் பவுண் ஒதுக்கியது. 2006இலிருந்து புதிய உணவு விதிகள் வந்தன. பிற்பாடு இரண்டு பொருளியலாளர்கள், அந்தப் புதுச் சாப்பாடு பரவிய கிரீனிச் ஆரம்பப் பள்ளிகளின் தரவை எடுத்து, உணவு மாறாத பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பரீட்சைப் பெறுபேறு கூடியிருந்தது, நோயினால் வராமல் நிற்பதும் குறைந்திருந்தது.

அந்த நாட்களில் நம் வீடுகளில் என்ன பேசினோம்? "பார், பார், அந்தப் பள்ளிப் பிள்ளைகள் சாப்பிடுகிற கோலத்தை." நானும் அப்படித்தான் பேசினேன். அதே சிப்ஸ் அப்போது கிராமர் பள்ளியிலும் இருந்திருக்கக்கூடும் என்று தோன்றவில்லை. தன் சமையலறைக் குப்பைத் தொட்டியை நாட்டுக்குத் திறந்து காட்டச் சம்மதித்தது ஒரு பள்ளி. அதனால் உங்கள் பிள்ளையின் தட்டில் இன்று விதிப்படி காய்கறி விழுகிறது. நம் மனத்தில் தங்கியது பொரித்த வான்கோழி மட்டும்.

பிறகு பெயர்கள் மாறின. 2011இல் அது அகாடமியாகி, அதாவது கவுன்சிலின் கையை விட்டு அரசின் நேரடிப் பணத்தில் நடக்கும் பள்ளியாகி, கொரெல்லி கல்லூரி என்று ஆனது. ஏழு ஆண்டளவில் அந்தப் பெயரும் போய், 2018இல் லீ அகாடமி அறக்கட்டளையின் கீழ் ஹாலி அகாடமி ஆயிற்று. வால்வெள்ளிக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலி, நியூட்டனின் பெரிய நூலைத் தன் காசில் அச்சேற்றியவர். கிரீனிச்சின் இரண்டாவது அரச வானியலாளர். கிட்புரூக்கை அடுத்த லீயில் பழைய தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பொருத்தமான பெயர்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் பெயர் மாறும்போதெல்லாம் ஒரு பள்ளிக்கு வயது பூச்சியத்துக்குத் திரும்பிவிடுகிறது. அக்கம்பக்கமும் மாறிவிட்டது. பல நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் குடியிருந்த ஃபெரியர் தொடர்மாடிகளை இடித்து, கிட்புரூக் வில்லேஜ் என்று கண்ணாடிக் கோபுரங்கள் எழுப்பினார்கள். அங்கே அண்மையில் வீடு வாங்கிய நம்மவர்களுக்கு 1954 எங்கே தெரியப்போகிறது? எல்தம் ஹில்லுக்கும் பெக்ஸ்லி கிராமர்களுக்கும் பழைய பெயர் இருக்கிறது, பழைய மரியாதையும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. இதற்கு இல்லை. "சும்மா" என்ற சொல் அந்த வெற்றிடத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இனி நேரடியாகப் பேசுகிறேன். பரீட்சை எழுதவேண்டாம் என்று உங்களைத் தடுக்க எனக்கு என்ன உரிமை? நான் புலமைப்பரிசிலில் தேறி வந்தவன். ஆனால் கணக்கைப் பாருங்கள். பெக்ஸ்லிப் பரீட்சையில் அதிகப் புள்ளி எடுக்கும் முதல் 180 பேருக்குத்தான் கிராமர் இடம் உறுதி. அதற்குக் கீழே தேறியவர்கள் எல்லாம் தூரம், சகோதரர், வரிசை என்று பார்த்துக் காத்திருக்கவேண்டும். எழுதுகிறவர்களோ ஆயிரக்கணக்கில். ஆகவே என் வகுப்பில் அந்தப் புத்தகத்தோடு வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கடைசியில் போகப்போவது நீங்கள் சும்மா என்று சொன்ன பள்ளிக்கே. இரண்டு வருடம் காருக்குள் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்துவிட்டு, மார்ச் முதலாம் தேதி முடிவு வந்த பிறகு, செப்டம்பரில் அதே பள்ளியின் சீருடையைப் போட்டுக்கொண்டு எந்த முகத்தோடு உள்ளே நுழைவார்கள்?

பெறுபேற்று அட்டவணையைக் காட்டி வாதாடுவீர்கள், தெரியும். பதினொரு வயதில் வடிகட்டி எடுத்த பிள்ளைகள் பதினாறில் நல்ல புள்ளி எடுப்பதில் பள்ளியின் கெட்டித்தனம் எவ்வளவு, வடிகட்டியின் கெட்டித்தனம் எவ்வளவு? அதைப் பிரித்துப் பார்க்கத்தான் 2016இலிருந்து புரொக்ரஸ் எயிட் என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஆரம்பப் பள்ளியை ஒரே நிலையில் முடித்த பிள்ளைகள், எட்டுப் பாட இடங்களில் நாடு முழுவதும் சராசரியாக எவ்வளவு எடுத்தார்கள், இந்தப் பள்ளியில் எவ்வளவு எடுத்தார்கள் என்ற வித்தியாசம் அது. பூச்சியம் என்றால் சராசரி. கோவிட் காலத்தில் ஆரம்பப் பள்ளி முடிவில் வரும் ஆறாம் ஆண்டுப் பரீட்சைகள் நடக்காததால் 2025க்கும் 2026க்கும் அதைக் கணக்கிட வழியில்லை. பழைய ஆண்டுகளைப் பாருங்கள். பள்ளிகளைச் சோதிக்கும் ஒஃப்ஸ்டெட்டின் அறிக்கையை முழுதாக வாசியுங்கள், முதல் பக்கத்தோடு மூடிவைக்காதீர்கள். வேலை நாளொன்றில் பள்ளியைப் பார்க்க நேரம் கேளுங்கள். மதிய இடைவேளையில் சாப்பாட்டு மண்டபத்து ஓரமாக ஐந்து நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகள் ஆசிரியரைப் பார்த்து எப்படிக் கதைக்கிறார்கள் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பார்க்காமல் சும்மா என்று மட்டும் சொல்லாதீர்கள், அதுவும் பிள்ளை பெல்ட் போடும்போது.

லண்டன் விண்ணப்பத்தில் ஆறு வரிகள் இருக்கின்றன. ஒக்டோபர் 31க்குள் அனுப்பவேண்டும். பலர் நான்கு கிராமரை நிரப்பிவிட்டு, கடைசி இரண்டு வரியில் என்ன எழுதுவது என்று வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொரு மணிக்குக் கேட்கிறீர்கள். அந்த ஐந்தாவது, ஆறாவது வரிகளுக்காகவாவது ஒரு மாலை ஒதுக்குங்கள். இலையுதிர் காலத்தில் பள்ளிகள் பெற்றோருக்காகக் கதவைத் திறக்கும் மாலைகள் வரும். கிட்புரூக் பள்ளியின் மாலைக்கு நான் போகிறேன். தேதி அறிவித்ததும் வகுப்பு வாசலில் ஒட்டிவிடுகிறேன். வருகிறவர்கள் கிட்புரூக் ரயில் நிலையத்துக்கு வெளியே வந்து சேருங்கள், அங்கிருந்து ஒன்றாக நடக்கலாம். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். முக்கோணப் புத்தகம் காருக்குள்ளேயே கிடக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சனிக்கிழமை மாஸ்டர்